தாத்தாவின் படத்தில் நிற்கும் கார் ஆஸ்டினா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தண்ணீர்மலைக்காரி (சனி, இரவு 9.40)

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வரும் மார்ச்சில் 75 வயது நிறைகிறது. அதற்காக வீட்டிலுள்ள பழைய படங்களை எல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு படத்தில் மட்டும் உங்கள் உதவி வேண்டும்.

உள்ளங்கை அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம், ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கிறது. தாத்தா வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டு ஒரு காரின் முன் மட்கார்டில் கை வைத்து நிற்கிறார். பக்கத்தில் பாட்டி. பாட்டியின் இடுப்பில் வெள்ளைத் தொப்பி போட்ட குழந்தை, அதுதான் அம்மா. பின்னால் ஒரு மலை. எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: அம்மாவுக்கு மொட்டை போடப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது தாத்தா தன் ஆஸ்டின் காருடன் எடுத்த படம். அம்மா பிறந்தது 1951, ஆக இது 1952.

கார் சின்னது, முட்டை மாதிரி உருண்டையாக இருக்கிறது. முன் கண்ணாடி இரண்டு பாதியாக, நடுவில் ஒரு கம்பி. ஹெட்லைட் இரண்டும் மட்கார்டின் மேல். நம்பர் பிளேட்டில் பி, அதற்கடுத்து 7 தெரிகிறது, மிச்சத்தைத் தாத்தாவின் கால் மறைக்கிறது. ஆஸ்டினில் இது எந்த மாடல் என்று தெரிந்தால் படத்துக்குக் கீழே சரியாக எழுதிவிடுவேன். கைப்பேசியில் எடுத்த நகலை இணைத்திருக்கிறேன்.

பழையபெட்ரோல் (சனி, இரவு 10.25)

தங்கச்சி, இது ஆஸ்டின் இல்லை, மோரிஸ் மைனர். பட்டர்வொர்த்தில் 1968-இல் கையாளாகச் சேர்ந்து நாற்பது வருடம் வர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான், இந்த முகத்தை எங்கே பார்த்தாலும் தெரியும். ஆஸ்டின் ஏ40 என்றால் பானெட் நுனியில் சிறகு விரித்த ஏ எழுத்து நிற்கும், மோரிஸில் மாடு ஆற்றைக் கடக்கும் சின்னம். உங்கள் படத்தில் சின்னம் தெரியவில்லை, ஆனால் அந்த மட்கார்டு வளைவும் நடுவே பிரிந்த கண்ணாடியும் போதும். உயரத்தையும் பாருங்கள். மைனரின் உயரம் சுமார் 5 அடிதான், கூரை தாத்தாவின் முகவாய்க்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

1948-இல் லண்டன் கண்காட்சியில் வந்த கார் இது, வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிற்பாடு மினியைக் கொடுத்தவரும் அவர்தான். முதலில் வந்த மைனரில் ஹெட்லைட் கீழே கிரில்லுக்குள் இருக்கும். மட்கார்டின் மேலே ஏறியது 1950 கடைசியில் நான்கு கதவு வண்டியில், அப்புறம் 1951-இல் இரண்டு கதவிலும். எனவே 1952 என்பது இதுவரை பொருந்துகிறது.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கிரில் எப்படி இருக்கிறது? தேங்காய்த் துருவி போல் கட்டம் கட்டமாகவா, அல்லது படுக்கைவாட்டில் சில கம்பிகளா? கைப்பேசி நகலில் அந்த இடம் சாம்பல் நிறமாகக் கரைந்து கிடக்கிறது.

செந்தூல்வாசி (சனி, இரவு 11.02)

அக்கா, அந்த பி எந்த பி? பினாங்கின் பி-யா, சிலாங்கூரின் பி-யா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் பினாங்குக்கு ஒரு வயிறு, சிலாங்கூருக்கு இரண்டு வயிறு. கோலாலம்பூர் வண்டிகளும் அப்போது சிலாங்கூர் எண்தான் போட்டிருக்கும். 1974 பிப்ரவரியில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பிறகுதான் டபிள்யூ வந்தது.

நெகட்டிவ்பெட்டி (ஞாயிறு, காலை 7.15)

அக்கா, கைப்பேசி நகலை வைத்து இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஸ்கேனரில் வையுங்கள். படம் சின்னது, அதனால் 1200 டிபிஐ. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், கறையும் பென்சில் எழுத்தும் அப்போதுதான் பிரிந்து தெரியும். பின்பக்கத்தையும் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ தாள் கம்பெனியின் பெயரோ இருக்கலாம். ஒட்டும் ஆல்பத்தில் இருந்தால் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல இழுங்கள், வந்துவிடும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்குமோ என்று முதலில் பார்த்தேன். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடிப்பது அந்தக் காலத்தில் அடிக்கடி நடந்தது, இடப்பக்க ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டு அமெரிக்கக் கார் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். நம் வீட்டுப் படங்களில் அதைக் கண்டுபிடிக்க நல்ல வழி சேலை. பாட்டியின் முந்தானை இடது தோளில் விழுகிறது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஆக உங்கள் படம் நேராகத்தான் இருக்கிறது.

தண்ணீர்மலைக்காரி (ஞாயிறு, மாலை 6.30)

ஸ்கேன் செய்துவிட்டேன், பெரிய கோப்பாக இணைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, ஒரு மூலையில் பசைக் கறை மட்டும்.

ஐயா, கிரில்லில் கட்டம் எதுவும் இல்லை. படுக்கைவாட்டில் கம்பிகள், எண்ணிப் பார்த்தால் ஐந்து. அதற்கு இரண்டு பக்கமும் ஹெட்லைட்டுக்குக் கீழே மட்கார்டிலேயே சின்னதாக ஒரு விளக்கு.

மோரிஸ் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மாமாக்கள் எல்லோரும் ஆஸ்டின் என்றே சொல்வார்கள். "அப்பாவின் ஆஸ்டின்" என்பது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வழக்கு மாதிரி.

பழையபெட்ரோல் (ஞாயிறு, இரவு 8.50)

அப்படியானால் இது 1952 இல்லை தங்கச்சி. இருக்கவே முடியாது.

மைனரின் கிரில் கட்டத்திலிருந்து படுக்கைக் கம்பிக்கு மாறியது 1954 அக்டோபரில். அதே சமயத்தில்தான் கிரில்லின் ஓரத்தில் இருந்த சின்ன விளக்கு மட்கார்டுக்குப் போனது. இரண்டு அடையாளமும் உங்கள் படத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்தால் யாரோ பின்னால் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லலாம், எங்கள் வர்க்‌ஷாப்பிலேயே இடிபட்ட வண்டிக்குப் புது கிரில் போட்டுக் கொடுத்திருக்கிறோம், ஆனால் மட்கார்டு விளக்கையும் சேர்த்து மாற்றினாலும் அந்தப் புது உதிரிகள் 1954-க்கு முன்னால் உலகத்திலேயே இல்லையே. இன்னொரு பக்கம், நடுவே பிரிந்த கண்ணாடி 1956 பிற்பகுதியில் நின்றுபோய், மைனர் 1000 ஒரே வளைந்த கண்ணாடியுடன் வந்தது. ஆக, இந்த வண்டி செய்யப்பட்டது 1954 அக்டோபருக்கும் 1956-க்கும் நடுவே. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் நாளையும் சேர்த்தால், படம் 1955-க்கு முன் இருக்க வழி குறைவு.

ஆனால் 1956-க்குப் பின் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் போகலாம். பழைய படம் பார்க்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. காரின் வயது படத்தின் வயது இல்லை. அந்தக் காலத்தில் ஒரு வண்டியைப் பதினைந்து இருபது வருடம் ஓட்டினார்கள், கைமாறிக் கைமாறித் தைப்பிங்கிலிருந்து அலோர் ஸ்டார் வரை போகும். "இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது" என்பதைத்தான் கார் சொல்லும். "இதற்குப் பின்னால் இல்லை" என்பதைக் குழந்தைகளின் உயரம், பாட்டியின் நரை, பக்கத்தில் நிற்கும் வேறு வண்டி இவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன், முன்முகத்தை விடப் பின்கண்ணாடி பல சமயம் நன்றாகப் பேசும். ஃபோக்ஸ்வேகன் தவளைக் காரில் பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 மார்ச்சுக்கு முன் செய்தது, ஒரே முட்டை வடிவம் என்றால் 1953-இலிருந்து 1957 நடுப்பகுதி வரை, அதற்குப் பின் அகலமான கண்ணாடி. பின்கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்து வெட்டினாற்போல் இருந்தால் அது ஃபோர்டு ஆங்லியா, 1959-க்குப் பிறகு. மெர்சிடிஸின் பின்பக்கம் இரண்டு ஓரமும் மீன் துடுப்பு மாதிரி எழும்பியிருந்தால் அதுவும் 1959-க்குப் பின்தான். கிரில்லின் நடுவே இரவில் எரியும் சின்னம் இருந்தால் வூல்ஸ்லி. கதவுக்குக் கீழே நீளமாகப் படிப்பலகை ஓடினால் பெரும்பாலும் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்துக்கு முந்திய வடிவம், தவளைக் கார் அதைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்தது. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவது போல் வெளியே வரும் கைகாட்டி மைனரில் 1961 வரை இருந்தது, அதற்குப் பின்தான் மினுக்கும் விளக்கு.

ஆஸ்டின் என்று வீட்டில் சொல்வதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. 1952-இல் ஆஸ்டினும் மோரிஸும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தன. அதன் பிறகு வந்த மைனரில் ஆஸ்டினின் 803 சிசி எஞ்சினைப் போட்டார்கள். உதிரிச் சாமான் வாங்கப் போனால் கடையில் ஆஸ்டின் சாமான் என்றே கேட்போம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயராக இருக்கலாம்.

ஆயர்ஈத்தாம்98 (ஞாயிறு, இரவு 9.30)

அக்கா, நான் ஒரு ஏஐ ஆப்பில் உங்கள் ஸ்கேனைப் போட்டுத் தெளிவாக்கினேன். நம்பர் பிளேட் முழுதாக வந்துவிட்டது! பினாங்கு பி, 7834. முகங்களும் மிக அழகாக வந்திருக்கின்றன. இணைத்திருக்கிறேன். எண்ணை வைத்து ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுப் பார்க்கலாமே.

தண்ணீர்மலைக்காரி (ஞாயிறு, இரவு 9.45)

தம்பி, பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பாட்டியின் முகத்தை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. நன்றி. பினாங்கு எண் என்றால் எங்கள் வீட்டுக் கதை சரிதானே?

நெகட்டிவ்பெட்டி (ஞாயிறு, இரவு 10.20)

அக்கா, மனம் வருந்தும்படி சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். அது உங்கள் பாட்டியின் முகம் இல்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு இயந்திரம், இந்த இடத்தில் ஒரு கண் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைந்த முகம். அசல் ஸ்கேனில் பாட்டியின் இடக்கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஆப் அதை நேராக்கிவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தத் தாழ்ந்த இமை இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணும் அப்படித்தான். தாத்தாவின் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் ஃபிலிமில் பதியவே இல்லை. பதியாததை எந்த ஆப்பும் வெளியே கொண்டுவர முடியாது, புதிதாக வரையத்தான் முடியும். தம்பி, நீங்கள் நல்லெண்ணத்தில் செய்தீர்கள், ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். அதே படத்தை இன்னும் இரண்டு முறை போட்டுப் பாருங்கள்.

ஆயர்ஈத்தாம்98 (ஞாயிறு, இரவு 10.50)

போட்டேன். இரண்டாம் முறை 7384, மூன்றாம் முறை 7-க்குப் பின் வந்தவை எண்களே இல்லை, ஏதோ கிறுக்கல். கிரில்லையும் அது தேன்கூடு மாதிரி மாற்றியிருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். அக்கா, என் படத்தை நீக்கிவிட்டேன், நீங்களும் ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம்.

பிறைக்கரை (திங்கள், காலை 8.05)

இழையின் நடுவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. பெரியப்பா காரில் சாய்ந்து நிற்கிறார், பிறை ஊரில் எடுத்தது என்கிறார்கள். பழையபெட்ரோல் ஐயா சொன்னபடி பார்த்தால் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மாதிரி தெரிகிறது. ஸ்டியரிங் வலப்பக்கம். சரியா?

பழையபெட்ரோல் (திங்கள், மதியம் 1.10)

தம்பி, பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியப்பாவின் தலைக்குப் பின்னால் கடைப் பலகையில் "பாளையம்" என்று ஒரு பாதி எழுத்து தெரிகிறதே. அது ஊர்ப் பக்கம் எடுத்தது, வண்டி அம்பாசடர். 1956-இலிருந்து 1959 வரை வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-இன் வார்ப்பை வாங்கித்தான் இந்தியாவில் அம்பாசடரைச் செய்தார்கள், அதனால் உடம்பு ஒன்றுபோல் இருக்கும். இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங்கை வைத்துப் பிரிக்க முடியாது. பெரியப்பா எந்த வருடம் ஊருக்குப் போய்வந்தார் என்று பழைய பாஸ்போர்ட் இருந்தால் பாருங்கள்.

செந்தூல்வாசி (திங்கள், இரவு 9.15)

அக்கா, வேலை முடிந்து வந்து உங்கள் ஸ்கேனை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விஷயம் சொல்ல வேண்டும், அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நம்பர் பிளேட்டின் முதல் எழுத்துக்குக் கீழ்வயிறும் இருக்கிறது. பம்பரின் நிழல் அதன் மேல் விழுவதால் சின்ன அளவில் பினாங்கு பி போலத் தெரிகிறது, 1200 டிபிஐ-யில் வளைவு நன்றாகவே தெரிகிறது. இது சிலாங்கூர் வண்டி.

அடுத்தது மலை. பினாங்குத் தீவு முழுக்கக் கருங்கல், தண்ணீர்மலை உருண்டு சரிந்து காடு மூடியிருக்கும், அது உங்களுக்கே தெரியும். படத்திலிருப்பது செங்குத்தான சுவர், வெளிறிய பாறையில் கறுப்புக் கோடு கோடாக நீர் வழிந்த தடம், இடுக்கில் மட்டும் புதர். அது சுண்ணாம்புப் பாறை. நான் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் செந்தூலில், சின்ன வயதில் தைப்பூசத்துக்கு நடந்தே போவோம், எனக்கு அது சிலாங்கூர்ப் பத்துமலையாகத்தான் தெரிகிறது. பெரிய முருகன் சிலை 2006-இல்தான் வந்தது, அதனால் பழைய படத்தில் சிலை இல்லாத பத்துமலையைப் பார்த்தால் இப்போது பலருக்கு இடம் பிடிபடுவதில்லை.

அப்புறம் குழந்தை. அது போட்டிருப்பது தொப்பி இல்லை அக்கா. ஓரத்தில் தையலோ மடிப்போ இல்லை, காது வரை விரல் இழுத்த தடம் இருக்கிறது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை. மொட்டைக்குப் போன படம் என்று உங்கள் வீட்டில் சொல்வது சரிதான். ஆனால் பழையபெட்ரோல் ஐயா சொன்ன கணக்குப்படி அது 1955 என்றால், 1951 மார்ச்சில் பிறந்த உங்கள் அம்மாவுக்கு அப்போது நான்கு வயது. இடுப்பில் இருப்பது ஒரு வயதுகூட ஆகாத குழந்தை.

கடைசியாக ஒன்று. பாட்டியின் சேலைக் கொசுவத்துக்கும் காரின் சக்கரத்துக்கும் நடுவே பாருங்கள். அங்கே ஒரு சின்னக் கால் தெரிகிறது. காலில் தண்டை போட்டிருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை பாட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது.

உங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் யாராவது இருந்தால், நேரில் போய்க் கேளுங்கள்.

நெகட்டிவ்பெட்டி (திங்கள், இரவு 10.00)

அந்தச் சின்னக் காலை நானும் பார்த்தேன். கறையோ கீறலோ இல்லை. அந்தப் பாதத்தின் நிழல் சக்கரத்தின் நிழல் விழும் திசையிலேயே விழுகிறது. பிள்ளைதான்.

தண்ணீர்மலைக்காரி (சனி, காலை 11.20)

ஐந்து நாட்களாக இங்கே எழுத முடியவில்லை. உங்கள் செய்திகளை எல்லாம் படித்தேன்.

தைப்பிங்கில் பெரியம்மா இருக்கிறார், அம்மாவின் அக்கா, 1946-இல் பிறந்தவர். புதன்கிழமை பஸ் பிடித்துப் போனேன். ஸ்கேனைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கார், கிரில், வருடம் எதையும் நான் சொல்லவில்லை, படத்தைக் கையில் கொடுத்து "இது எங்கே பெரியம்மா" என்று மட்டும் கேட்டேன். வாங்கிப் பார்த்தவர் குழந்தையின் மேல் விரலை வைத்து, "தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

தாத்தா இரண்டு வருடத்துக்கு மேல் சிலாங்கூரில் ஒரு கித்தாத் (ரப்பர்) தோட்டத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்திருக்கிறார். எங்கள் யாருக்குமே தெரியாது. பெரியம்மாவைப் பள்ளிக்கூடத்துக்காகப் பினாங்கில் அப்பாயியிடம் விட்டுவிட்டு, பாட்டியையும் அம்மாவையும் மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கேதான் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் மாதத்தில் மொட்டை. பள்ளி விடுமுறை என்பதால் பெரியம்மாவும் அங்கே போயிருந்தார். அவர் படத்தில் இல்லை, ஏனென்றால் படம் எடுத்தவரின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கார் தோட்டத்துப் பெரிய கிராணியுடையது, அதாவது தலைமை எழுத்தருடையது. புதுசு. தாத்தாவின் மேல் மரியாதை உள்ளவர், ஒருநாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டிரைவரோடு கொடுத்திருக்கிறார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலம், பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று தாத்தா எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்தாராம். சாப்பாட்டை வழியில் காருக்குள்ளேயே முடித்திருக்கிறார்கள். புது சீட்டில் சாம்பார் பட்டுவிடுமோ என்று பாட்டி மடியில் துண்டு விரித்துக்கொண்டதைக்கூடப் பெரியம்மா சொன்னார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்துப் பெட்டி தாத்தாவின் கையிலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருடமே வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்கு வந்துவிட்டார்கள். பாட்டி அதன் பிறகு சிலாங்கூர் என்ற பேச்சையே எடுத்ததில்லை. படத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. யாராவது கேட்டால், மொட்டைக்குப் போனபோது எடுத்தது என்று மட்டும் சொல்வாராம். அது பொய் இல்லை. கேட்டவர்கள் அம்மாவின் மொட்டை என்று எடுத்துக்கொண்டார்கள், மொட்டை என்றால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்மலைதான்.

ஆஸ்டினும் உண்மைதான் ஐயா. தாத்தா 1960-களில் பினாங்கில் ஒரு பழைய ஆஸ்டின் வாங்கினார், மாமாக்கள் ஏறி விளையாடிய கார் அது. அதற்குப் படமே இல்லை. அதனால் இருந்த ஒரே கார்ப் படத்துக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

தம்பியின் பெயரையும் பெரியம்மா சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

தாழ்ந்த இமை பற்றிக் கேட்டீர்களே, நெகட்டிவ்பெட்டி. பெரியம்மாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

பழையபெட்ரோல் (சனி, மதியம் 12.40)

படித்தேன் தங்கச்சி. கிரில்லைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாக எழுதியபோது அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னீர்களா?

செந்தூல்வாசி (சனி, மாலை 4.15)

அக்கா, பெரியம்மா நன்றாக இருக்கட்டும். தோட்டத்தின் பெயர் அவருக்கு நினைவிருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பழைய தோட்டங்கள் நிறைய இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டன, ஆனால் கோயில் இருந்த இடத்தை அங்கே வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

தண்ணீர்மலைக்காரி (ஞாயிறு, இரவு 9.05)

தோட்டத்தின் பெயரை அனுப்பியிருக்கிறேன் அண்ணே.

அம்மாவிடம் நேற்று இரவு சொன்னேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். தம்பியைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை, நான்கு வயதுதானே. சேலைக்குப் பின்னால் தெரியும் காலை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்து, ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். உள்ளே வெள்ளித் தண்டை ஒரு ஜோடி. பூட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் மொட்டு மாதிரி குமிழ், ஒரு குமிழ் நசுங்கியிருக்கிறது. படத்திலும் அந்தக் குமிழ் அப்படித்தான் தெரிகிறது. "எனக்குப் போட்டது என்று அம்மா கொடுத்தது, எங்கே நசுங்கியது என்று தெரியாமலே வைத்திருக்கிறேன்" என்றார். பிறகு என் கையிலிருந்த படத்தை வாங்கி, இந்த முறை குழந்தையைப் பார்த்தார்.

ஆல்பத்தில் இதை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். கீழே அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது இது: "அப்பா, அம்மா, தம்பி, பின்னால் நான். பத்துமலை, 1955 அல்லது அதை ஒட்டி. கிராணியாரின் மோரிஸ் மைனர்." அந்த "அல்லது அதை ஒட்டி" மட்டும் நான் சேர்த்தது, ஐயா சொன்னதற்காக.

மார்ச்சில் பிறந்தநாளன்று அம்மாவையும் பெரியம்மாவையும் பத்துமலைக்குக் கூட்டிவரலாம் என்று இருக்கிறேன். அந்தப் பாறை இப்போது எங்கே நின்று பார்த்தால் படத்தில் இருப்பது போலத் தெரியும் அண்ணே?

செந்தூல்வாசி (ஞாயிறு, இரவு 9.40)

ஒரே பார்வையில் சொல்ல முடியாது அக்கா, முன்பக்கம் நிறைய மாறிவிட்டது. இந்த வாரக் கடைசியில் நானே படத்தின் நகலோடு போய், அந்தக் கறுப்புக் கோடுகளை வைத்து இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரும் நாளில் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பெரியவர்கள் இருவருக்கும் நிற்க முடியாது. படம் எடுக்கும்போது அம்மாவைச் சக்கரம் இருந்த பக்கம் நிற்கச் சொல்லலாம், என்னிடம் மைனர் இல்லை, என் வண்டியை அங்கே நிறுத்துகிறேன். அச்செடுத்த பெரிய நகலைக் கொண்டுவாருங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

நெகட்டிவ்பெட்டி (ஞாயிறு, இரவு 9.55)

அசலை மீண்டும் ஒட்டும் ஆல்பத்தில் வைக்காதீர்கள் அக்கா. அமிலம் இல்லாத தாள் உறையில் போட்டு, தண்டை இருக்கும் பீரோவிலேயே வையுங்கள்.